கால்வாயை மூடவில்லை, மச்சான்

என் அன்பு மச்சான் தாஸுக்கு,

எப்படி இருக்கிறாய்? அங்கேயாவது யாரிடமும் வம்பு வளர்க்காமல் இருக்கிறாயா? குரோம்பேட்டையில் எல்லோரும் நலம். நம் கால்வாயும் நலம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நாம் வேலை செய்த தோல் கம்பெனி இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி. அங்கே குடியிருப்பவர்களுக்குக் கால்வாய் என்றால் வெறும் சாக்கடை. ஏரித் தண்ணீர் அதில்தான் வந்தது, உப்புத் தோலை அந்தத் தண்ணீரில்தான் ஊறப்போட்டோம் என்றால் சிரிக்கிறார்கள். தண்ணீர் வராத நாளில் நமக்கு வேலையே கிடையாதே! ஆயுத பூஜைக்கு எல்லோரும் மெஷினுக்குப் பொட்டு வைப்பார்கள். சர்ச்சுக்குப் போகிற ஆள் நீ, கால்வாய் மதகுக்குச் சந்தனம் அப்பிவிட்டு, பொரிக்கு முதல் ஆளாக நிற்பாய்.

பிறகு கம்பெனியில் தண்ணீருக்குப் போர்வெல் போட்டார்கள். கால்வாயில் கழிவு மட்டும் ஓடியது. அன்று தொடங்கியது நம் சண்டை. நாற்றமும் கொசுவும் தாங்கவில்லை, மூட வேண்டும் என்று நான். கூடாது என்று நீ. கம்பெனியையே மூடினார்கள், நமக்குத் தலை நரைத்தது, சண்டை மட்டும் ஓயவில்லை.

போன ஞாயிறு நலச்சங்கக் கூட்டம். கால்வாய்மேல் சிலாப் போட்டு கார் நிறுத்தலாம் என்றார்கள். செயலாளர் என்னைப் பார்த்து, "சூசை சார், இத்தினி வருஷமா நீங்கதானே கேட்டீங்க? நீங்களே சொல்லுங்க" என்றார்.

எதிர்த்துப் பேச நீ இல்லை. நான் ஜெயிக்க இதைவிட நல்ல நாள் ஏது? எழுந்தேன். வாயில் வந்தது என்னவோ, நீ என்னிடம் கத்துவாயே, அதுதான்: "மூடிட்டா மழைத்தண்ணி எங்க போவும்? உங்க வூட்டு ஹாலுக்கா?"

பாதிப் பேர் சிரித்தார்கள். போன மழையில் ஹாலில் தண்ணீர் இறைத்தவர்கள் சிரிக்கவில்லை. மூட வேண்டாம், தூர் வாரி வேலி போடலாம் என்று முடிவாயிற்று.

வெளியே வந்ததும் உன் பெண்டாட்டி ஸ்டெல்லா பிடித்துக்கொண்டாள். தங்கை என்றுதான் பெயர், என்னை விடுவாளா?

"இன்னாண்ணா, இப்ப அவரு கட்சியா? அவரு உசுரோட இருக்கசொல்ல ஒரு நாளாவது ஒத்துக்கினியா?"

எப்படியடா ஒத்துக்கொள்வேன்? ஒத்துக்கொண்டிருந்தால், தினமும் சாயங்காலம் சண்டை போட என் வீட்டுக்கு வந்திருப்பாயா?

இந்த மழைக்குத் தண்ணீர் ஓடும்போது ஸ்டெல்லாவையும் அழைத்துப் போய்க் காட்டுகிறேன். அங்கே நின்று, நாற்றம் தாங்கவில்லை என்று சத்தமாகச் சொல்வேன். இது சத்தியம். பதில் சொல்லாமல் எப்படி இருக்கிறாய் என்று பார்க்கிறேன்.

இன்னும் உன்னோடு ஒத்துப்போகாத உன் மச்சான்,
சூசை