மீன் எண்ணெய் போட்ட கியர் சைக்கிள்

செவ்வாய்க்கிழமை, இரவு

லைட்ஹவுஸ் குப்பத்துப் பெருமக்களுக்கு ஓர் அரிய அறிவிப்பு: இன்று மாலை சரியாக ஐந்தே காலுக்கு, அண்ணனின் பழைய கியர் சைக்கிள் உயிர்த்தெழுந்தது. வாழ்த்துச் சொல்ல மனிதர்கள் யாரும் வரவில்லை. பூனைகள்தான் வந்தன.

காரணம் நான்தான். உப்புக்காற்றில் துருப்பிடித்த செயினுக்கு, நைனா மரப்படகுக்குப் பூச வைத்திருந்த மீன் எண்ணெயை ஊற்றிவிட்டேன்.

"இன்னாடா, சைக்கிள் ஓட்றியா, மீன் விக்கிறியா?" என்று நைனா மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டும்தான் நைனா. ஊட்டாண்டயே டெலிவரி."

இரண்டு வருஷமாக மங்களூரில் படகு வேலையில் இருக்கும் அண்ணன், சாப்பாட்டு நேரத்தில் போன் பண்ணினான்.

"கியர் விழுதாடா?"

"சூப்பரா விழுது. பழவேற்காடு வரைக்கும் போயாந்தேன். நாளையிலேர்ந்து ஸ்கூலுக்கு இதான்."

"சீட்டு உனக்கு உசரமாச்சே. எறக்கிட்டியா?"

"போல்ட்டு துரு புடிச்சி இறுகிப்போச்சுண்ணா. அசையவே மாட்டேங்குது. பொங்கலுக்கு நீ வந்து எறக்கிக் குடு."

"பாக்கலாம்டா" என்றான். போன பொங்கலுக்கும் அதையேதான் சொன்னான்.

இங்கேயாவது உண்மையை எழுதுகிறேன். பழவேற்காட்டுக்கெல்லாம் போகவில்லை. கால் எட்டாமல், வலை காயப்போட்டிருந்த இடத்திலேயே சாய்ந்தேன். விழுந்தது கியர் இல்லை, நான். அங்கிருந்து தள்ளிக்கொண்டுதான் வந்தேன்.

அந்த போல்ட்டும் இறுகவில்லை. ஒரு சொட்டு எண்ணெயிலேயே கழன்றுவிட்டது. சீட்டை இறக்கி உட்கார்ந்தும் பார்த்தேன், எனக்குச் சரியாக இருந்தது. அப்புறம் ஏனோ, அண்ணன் உயரத்துக்கே திரும்ப ஏற்றி முறுக்கிவிட்டேன்.