ஒரு சீப்புப் பூவனும் என் தக்காளிகளும்

இன்று காலை சமையலறைக்குள் நுழைந்ததுமே பழுத்த பூவன் வாசனை. தக்காளிக் காய்கள் இருந்த கூடையிலேயே நாலு நாள் முன்பு வாழைச் சீப்பையும் வைத்து மூடியிருந்தாள் என் மகள். வாரம் முழுவதற்கும் வாங்கிய காய்கள் ஒன்றாகச் சிவந்து தொளதொளத்துக் கிடந்தன. அவளைத் திட்டத்தான் வாயெடுத்தேன். கோபம் உன்மேல் திரும்பியது. நீ போய் எட்டு மாதமாகிறது. இன்னும் என்னைப் படுத்துகிறாய்.

தொண்ணூறுகளின் நடுவில், கோவை ஆய்வுக்கூடத்தில் நம் இருவருக்கும் ஒரே மேசை. தக்காளி பழுக்கும்போது, காயில் இல்லாத ஒரு புரதம் புதிதாக உருவாகிச் செல்சுவர்களைக் கரைக்கிறது. அதனால்தான் பழம் மெத்தென்றாகிறது. பூத்த எத்தனையாவது நாளில் அது தலைகாட்டுகிறது என்பது என் ஆய்வு. பூவுக்குப் பூ நூல் கட்டி, நாளெண்ணிப் பறித்த காய்களை மர அலமாரியில் வைத்துவிட்டு, ஒரு கல்யாணத்துக்காக ஐந்து நாள் ஈரோடு போனேன். திரும்பி வந்து கதவைத் திறந்தால் அத்தனையும் சிவப்பு. நடுத்தட்டில் ஒரு சீப்புப் பூவன்.

"யாரு இதை இங்க வெச்சது?"

"நாந்தான் புள்ள. கொடுமுடியிலிருந்து அம்மா குடுத்தனுப்புச்சு. வெளிய வெச்சா எலி கடிச்சுபோடும்னு உள்ள வெச்சுபோட்டேன். உனக்கு ரெண்டு வேணுமா?"

பழுத்த பழம் விடும் வாயு பக்கத்துக் காயையும் பழுக்க வைக்கும் என்று முந்தின வாரம் இளநிலை மாணவர்களுக்குப் பாடம் எடுத்தவள் நீ! வயலில் காய்ப்பு முடிந்துவிட்டது. என் உதவித்தொகைக்கு இன்னும் சில மாதமே பாக்கி. மேசையைத் தட்டிக் கத்தினேன். நீ ஒரு பழத்தை உரித்தபடியே, "அழுவாத புள்ள" என்றாய். நான் அழவே இல்லை.

நான்கு நாள் உன்னோடு பேசவில்லை. என்னைக் கேட்காமலே நீ அந்தப் பழங்களை ஐஸில் வைத்து அரைத்தாய். அலமாரியில் இடம் போதாமல் நான் நம் ஆய்வு வழிகாட்டி சாரின் அறையில் வைத்திருந்த எட்டுக் காய்களையும் எடுத்துக்கொண்டாய். அலமாரியில் இருந்தவற்றோடு ஒரே நாளில் பூத்தவைதாம். அவை மட்டும் பச்சையாகவே இருந்தன. ஐந்தாம் நாள், புரதங்களைத் தனித்தனிக் கோடுகளாகப் பிரித்துக் காட்டும் ஜெல் தட்டை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாய். அலமாரிப் பழங்களின் வரிசையில் அந்தப் புரதம் தடித்த நீலக் கோடாகத் தெரிந்தது. பச்சைக் காய்களின் வரிசையில் அந்த இடம் வெறுமை.

"வயசு இல்ல புள்ள. பக்கத்துல யாரு இருக்காங்கறதுதான்."

எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது. தப்பு செய்தவள் நீ. அதில் விடை கண்டவளும் நீ. சார் பார்த்துவிட்டு, "நம்மூரு ரகத்துல யாரும் இப்படிப் பாக்கலீங்க. அடுத்த நடவுப் பட்டத்துல முறையா மறுபடி செய்யுங்க" என்றார். இன்னும் ஆறு மாதம்! அந்த ஆறு மாதமும் காலையில் வெயில் ஏறுமுன் வயலுக்கு வந்து என்னோடு நூல் கட்டினாய். வேண்டாம் என்றேன், கேட்டாயா? உன் ஆய்வேடு பாதியில் நின்றது. கடைசிவரை முடிக்கவேயில்லை. கொடுமுடியில் பள்ளி ஆசிரியையாகப் போனாய். திட்டிக் கடிதம் எழுதினேன். "இங்க பாடஞ்சொல்ல இது போதும் புள்ள" என்று ஒரே வரியில் பதில்.

வயிற்றுவலியையும் அப்படித்தான் வருடக்கணக்காக மறைத்திருக்கிறாய். எனக்குத் தகவல் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. உன் வீட்டுக்காரர் வாசலில் என்னைப் பார்த்ததும், "ஏனுங்க, நீங்கதானுங்களா அந்தத் தக்காளிக்காரங்க? உங்க வேலையக் கெடுத்துபோட்டேன்னு சொல்லாத நாளில்லீங்க" என்றார்.

கெடுத்தாயாம். வாய்மொழித் தேர்வுக்கு வந்தவர் என் ஆய்வேட்டில் பாராட்டியது உன் பூவனால் வந்த அந்த ஓர் அத்தியாயத்தை மட்டும்தான். மற்றதையெல்லாம் சும்மா புரட்டினார். வெளியே காத்திருந்த நீ, "என்ன புள்ள சொன்னாங்க?" என்று ஓடி வந்தாய். "எல்லாமே நல்லாருக்குன்னாங்க" என்று சொல்லிவிட்டு நடந்தேன். வீம்பு. உன் அத்தியாயத்தைத்தான் பாராட்டினார் என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம்.