கடல்காற்று தின்ற கைப்பிடி

ஜூன் 8, ஞாயிறு

அடுக்களை ஜன்னலைத் திறக்கப் போனேன், கைப்பிடி என் கையோடு வந்துவிட்டது. சவம்! தோஹாவிலிருந்து பெட்டி கட்டிக் கொண்டுவந்து மாட்டி ஏழு மாதம்கூட ஆகவில்லை. அங்கே இருபத்திரண்டு வருஷம் ஜன்னல் மாட்டுவதுதான் எனக்கு வேலை. முப்பதாவது மாடியில் தொங்கிக்கொண்டு மாட்டியதெல்லாம் இன்றைக்கும் அசையாமல் நிற்கும். சொந்த வீட்டில் ஒரு மழைக்காலம் தாங்கவில்லை.

பகவதி அடுப்புப் பக்கம் நின்று சிரித்தாள். "இனயம் கடலு கூப்பிடுற தூரத்துல கெடக்கு. இஞ்ச இரும்பு நிக்குமா? பித்தளை போடுங்கன்னு அண்ணைக்கே சொன்னேன், கேட்டியளா?"

நான் கல்ஃபில் கிடந்த வருஷமெல்லாம் இந்த வீட்டைத் தனியாக நடத்தியவள். அதனால் எல்லாம் தெரியும் என்று ஒரு நினைப்பு. ஜன்னல் விஷயத்திலுமா எனக்குப் பாடம்? பெட்டியில் இன்னும் இருபது கைப்பிடி இருக்கிறது. அதையே எடுத்து மாட்டினேன்.

ஜூன் 11, புதன்

ஹால் ஜன்னல் இரண்டும் முடிந்தது. மகள் அஞ்சு, கருங்கல் ஊர் ஆஸ்பத்திரியில் டூட்டி முடிந்து வந்தவள், உடை மாற்றாமல்கூட என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். உள்ளங்கையில் ஸ்க்ரூக்களை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துத் தந்தாள். நான் லீவில் வரும்போதெல்லாம் சின்னப் பிள்ளையாக இதே மாதிரிதான் செய்வாள். இப்போது இருபத்து நாலு வயது. ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பார்க்கிற பெரிய மனுஷி.

"மாடி ஜன்னல்ல மட்டும் கை வச்சிராதீங்கப்பா. அது எனக்க ஜன்னல்" என்றாள்.

வீட்டில் கம்பி இல்லாத ஜன்னல் அது ஒன்றுதான். கடல் மறைக்காமல் தெரியட்டும் என்று நான்தான் அப்படி வைக்கச் சொன்னேன். திறந்தால் கார் போர்ச்சின் மேல்தளம். ஊரில் இப்படி ஒரு ஜன்னல் யாரிடமும் கிடையாது.

நல்ல நாள்.

ஜூன் 19, வியாழன்

கை இன்னும் எரிகிறது.

மலையில் ரப்பர் எஸ்டேட் வைத்திருக்கும் என் அண்ணன் பொன்னுலிங்கம் சாயங்காலம் வந்தார். உட்காரவில்லை. "லேய் தாசு, உனக்க பிள்ளைய கருங்கல்ல ஒருத்தன்கூடப் பாத்தேன். நீ பாத்தியா, இல்ல கண்ண மூடிட்டுக் கெடக்கியா?"

அவள் வந்ததும் கேட்டேன். பொய் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். "மரியஜான்னு பேருப்பா. இனயத்துக்காரன். எங்க லேப்லதான் இருக்கான். கல்யாணத்தப் பதிவு பண்ண நோட்டீஸ் குடுத்திருக்கோம். உங்ககிட்ட சொல்லிட்டுதான் பண்ணணும்னு இருந்தேன்."

அடித்துவிட்டேன். பிறந்ததிலிருந்து அவள்மேல் கை வைத்ததில்லை. அண்ணன் பார்த்துக்கொண்டு நின்றார் — அதனால்தான் அடித்தேனா? வேற்று மதம், வேற்று ஊர், அப்பன் எவனென்று தெரியாது. நாளைக்கு நான் எந்த முகத்தோடு தாங்கலில் போய்க் கும்பிட நிற்பேன்?

ஜூன் 20, வெள்ளி

போனை வாங்கிவிட்டேன். வேலைக்கு அனுப்பவில்லை. மாடியறைக் கதவைப் பூட்டினேன். சாவி என் அரைஞாணில். பகவதியின் போனும் என்னிடம்தான். வெளியே ஒரு வார்த்தை போனால் நான் தூக்கில் தொங்குவேன் என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 22, ஞாயிறு

பெட்டியில் சாவி போட்டுப் பூட்டுகிற கைப்பிடி ஆறு இருந்தது. அதில் ஒன்றை மாடி ஜன்னலில் மாட்டினேன். பூட்டிவிட்டால் கைப்பிடி திரும்பாது. கைப்பிடியைக் கழற்றினால் உள்ளே இருக்கும் சதுரக் கம்பியைக் குறடால் பிடித்துத் திருப்பித் திறந்துவிடலாம், அது எனக்குத் தெரியும். அதனால் ஸ்க்ரூவை முறுக்கியபின் அதன் தலையை அரம் போட்டு வழவழவென்று தேய்த்தேன். இனி எந்தத் திருப்புளியும் பிடிக்காது. கழற்ற வேண்டுமென்றால் நானே டிரில் போட்டால்தான் உண்டு.

அஞ்சு கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். ஸ்க்ரூ எடுத்துத் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

"தீ புடிச்சா எப்பிடிப்பா வெளிய வாறது?"

தீ ஏன் பிடிக்கப் போகிறது?

ஜூலை 3, வியாழன்

நான் கொடுமைக்காரன் இல்லை. புது ஃபேன் வாங்கி மாட்டியிருக்கிறேன். அவளுக்குப் பிடிக்கும் என்று அயனிச்சக்கைப் பழம் வாங்கிக் கொடுத்தேன், தொடவில்லை. தினமும் இரண்டு வேளை கதவைத் திறந்துவிட்டு நான் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்காருவேன். பகவதி சாப்பாடு வைத்துவிட்டு, வாளியும் துணியுமாக அறையைத் துடைத்துவிட்டு வருவாள். தரை, மேசை, ஜன்னல் எல்லாம் துடைப்பாள். இந்த வீட்டில் இவ்வளவு சுத்தம் நான் பார்த்ததே இல்லை.

இரண்டு பேரும் என்னிடம் பேசுவதில்லை.

ஜூலை 15, செவ்வாய்

மாடி ஜன்னல் கைப்பிடியில் அதற்குள் துரு. ஸ்க்ரூவைச் சுற்றி மஞ்சளும் செம்மண் நிறமுமாக வழிந்திருக்கிறது. கீழே மாட்டியதெல்லாம் சுமாராகத்தான் இருக்கிறது, இது மட்டும் இப்படி. மேற்கே பார்த்த ஜன்னல், காற்று நேராக வந்து அறைகிறது. டிரில் போட்டு எடுத்துவிட்டுப் புதிதாக மாட்டினேன். மறுபடியும் தலையைத் தேய்த்தேன். அரம் போடுகிற சத்தத்துக்கு அஞ்சு காதைப் பொத்திக்கொண்டாள்.

"கடக்காத்து" என்று பகவதியிடம் சொன்னேன். "ஆமா, கடக்காத்து" என்றாள். பல நாளைக்கு அப்புறம் பேசிய ஒரே வார்த்தை.

ஜூலை 27, ஞாயிறு

தாங்கலுக்குப் போனேன். தலைப்பாகை கட்டி, நாமம் இட்டு, கண்ணாடிக்கு முன்னால் நின்று கும்பிடுவதுதான் எங்கள் வழக்கம். இரண்டு விளக்குக்கு நடுவே நம் முகமே நமக்குத் தெரியும். இன்றைக்கு நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. விளக்கையே பார்த்துவிட்டு வந்தேன்.

வெளியே அண்ணன் காத்திருந்தார். ஆரல்வாய்மொழிப் பக்கம் ஒரு மாப்பிள்ளை சொன்னார், மனைவி இறந்தவன். அஞ்சுவிடம் கேட்டேன். "என்னைக் கொண்டு போயி நிறுத்துங்க. எல்லார் முன்னாலயும் மாட்டேன்னு சொல்லுவேன்" என்றாள். அவளுடைய தைரியம் எங்கே இருந்து வந்தது? என்னிடமிருந்து இல்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

அண்ணன் பேச்சு மாறிவிட்டது. முன்பெல்லாம் கத்துவார். இப்போது மெதுவாகப் பேசுகிறார். எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

"வயசு வந்த பிள்ள. நாளைக்கு ஒரு கடுதாசி எழுதிப் போட்டா நீயும் நானும் உள்ள போயிருவோம். ஆடி கழியட்டும். எனக்க எஸ்டேட்டுக்குக் கொண்டு போறேன். மூணு நாளு இருக்கட்டும். நான் பேசி சரியாக்கித் தாறேன்."

சரி என்று சொல்லிவிட்டேன். பெரியப்பா பேசினால் கேட்பாள். சின்ன வயதில் அவர் தோளில் உட்கார்ந்து உற்சவம் பார்த்தவள்தானே.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

வடசேரிக்குப் போய் ஸ்டீல் ஸ்க்ரூ வாங்கினேன், துருவே பிடிக்காதது. மாடி ஜன்னலில் மறுபடியும் செம்மண்ணாக வழிகிறது. இனி உப்பா, நானா பார்த்துவிடலாம்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

அண்ணன் போன். திங்கள்கிழமை காலை ஜீப்போடு வருகிறாராம்.

"மூணு நாளைக்குத் துணி எடுத்து வைக்கச் சொல்லட்டாண்ணே?"

"துணியா? அது என்னத்துக்கு? ஒண்ணும் வேண்டாம்."

"மாத்துத் துணி—"

"வேண்டாம்னேன்லா. நீயும் கூட வராண்டாம். பகவதிகிட்ட இப்ப ஒண்ணும் சொல்லாத."

வைத்துவிட்டார்.

மூன்று நாள் இருக்கப் போகிற பிள்ளைக்கு மாற்றுத்துணி ஏன் வேண்டாம்?

அங்கே பெரியம்மாவுடைய துணி இருக்கும், அதைக் கட்டிக்கொள்வாள் என்று நினைத்திருப்பார். அப்படித்தான் இருக்கும். — பெரியம்மா போன வருஷமே மகனோடு திருவனந்தபுரம் போய்விட்டாளே. எஸ்டேட்டில் இப்போது யார் இருக்கிறார்கள்? ஒருத்தரும் இல்லை.

அய்யா, என்ன காரியம் இது?

ஆகஸ்ட் 16, சனி

காலையில் ஸ்டீல் ஸ்க்ரூவும் டிரில்லுமாக மாடிக்குப் போனேன். பகவதி துடைத்து முடித்து வாளியோடு வெளியே வந்தாள். நான் உள்ளே போய் ஜன்னல் முன்னால் குனிந்தேன்.

மேல் ஸ்க்ரூவின் தலையே இல்லை, உதிர்ந்திருந்தது. கீழ் ஸ்க்ரூ விரல் பட்டதும் ஆடியது. சுற்றிலும் வெள்ளை வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. கடல்காற்று அடித்தால் பிசுபிசுப்புத்தான் வரும், இப்படிப் பொரிந்து நிற்காது. திரும்பி வந்து, படியில் பகவதி வைத்திருந்த வாளியில் விரலை முக்கினேன். கருவாட்டுப் பானைத் தண்ணீர்கூட அவ்வளவு கரிக்காது.

எட்டு வாரம். தினமும் இரண்டு வேளை. என் மூக்குக்கு முன்னால் உட்கார்ந்து ஜன்னலைத் துடைத்திருக்கிறாள். நாற்காலியில் பேப்பர் வாசித்துக்கொண்டு நான் காவல்!

பகவதி படியில் நின்றாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் முகத்தில் பயம் இல்லை. வாளியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

அஞ்சு கட்டிலை விட்டு எழுந்து வந்தாள். மெலிந்துவிட்டாள், என் பிள்ளை. உள்ளங்கையை விரித்து என் முன்னால் நீட்டினாள்.

"தாங்கப்பா. ஸ்க்ரூ நான் எடுத்துத் தாறேன். மாட்டிருங்க."

ஏட்டி, ஏன் அப்படிக் கேட்டாய்? ஸ்டீல் ஸ்க்ரூ சட்டைப் பையில்தான் இருந்தது. கை அதற்குப் போகவே இல்லை.

"இன்னைக்கு நேரமில்ல" என்றேன். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னேன், அவளைப் பார்க்கவில்லை. "நாளைக்கு ஆவணி ஒண்ணு, ஞாயித்துக்கெழம. தாங்கல்ல உச்சிப்படிப்பு முடிஞ்சு நான் வர ரெண்டு மணி ஆவும். திங்கக்கெழம பெரியப்பா வாறாரு."

அவள் கையை மடக்கிக்கொண்டாள்.

டூல்ஸ் பெட்டியை எப்போதும் பூட்டி வைப்பேன். இன்றைக்கு அடுக்களையில் திறந்தபடி வைத்தேன், குறடு மேலே கிடந்தது. ஏணி வைத்திருக்கிற ஷெட்டின் சாவியை ஆணியில் மாட்டினேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

காலையில் பகவதி மாடியறைக்குக் கொண்டுபோன வாளியில் துணிக்கு அடியில் குறடு தெரிந்தது, நான் பேப்பரை விரித்துக்கொண்டேன். தாங்கல் கண்ணாடியில் முகத்தைப் பார்த்தேன். பார்க்க முடிந்தது.

இரண்டு மணிக்கு வரவில்லை, வேண்டுமென்றே மூன்று ஆக்கினேன். போர்ச்சில் ஏணி சாத்தியிருந்தது. மாடியில் ஜன்னல் விரியத் திறந்து காற்று உள்ளே வந்துகொண்டிருந்தது. கைப்பிடி தரையில் கிடந்தது.

பகவதி அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"போயிட்டாளா?"

"போயிட்டா."

கொஞ்ச நேரம் துருவினாள். அப்புறம் சொன்னாள்: "நாலு செட்டு துணி எடுத்துட்டுப் போனா."

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். சத்தம் போட்டே அழுதேன். அண்ணன் சொன்னதை அப்புறம்தான் அவளிடம் சொன்னேன். துருவலை அப்படியே போட்டுவிட்டு எழுந்து போய் முன்கதவைத் தாழ் போட்டாள்.

ஆகஸ்ட் 18, திங்கள்

ஜீப் ஏழு மணிக்கே வந்தது. அண்ணனோடு இன்னும் இரண்டு பேர், நான் முன்பின் பார்க்காத முகங்கள். மாடிக்கு ஏறிப் போனார். கைப்பிடியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாருலே திறந்து விட்டது?"

"ஒருத்தரும் இல்லண்ணே. கடக்காத்து. இரும்பு இஞ்ச நிக்காது."

"கடக்காத்து." கைப்பிடியை என் சட்டைப் பையில் போட்டார். அங்கே ஸ்டீல் ஸ்க்ரூக்கள் இருந்தன, கலகலவென்று சத்தம் கேட்டது. அவர் இரண்டு விரலை விட்டு ஒரு ஸ்க்ரூவை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். புதிது, பளபளவென்று.

"இத ஏம்லே மாட்டல?"

மெதுவாகச் சிரித்தார். அந்த ஸ்க்ரூவைத் தன் பையில் போட்டுக்கொண்டு படி இறங்கினார்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

கல்யாணப் பதிவு முடிந்தது என்று பகவதி சொன்னாள். எங்கே இருக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. தெரியாமல் இருந்தால் யார் கேட்டாலும் சொல்ல முடியாது.

செப்டம்பர் 7, ஞாயிறு

மாடி ஜன்னலுக்குப் பித்தளைக் கைப்பிடி மாட்டினேன், பித்தளை ஸ்க்ரூ, பூட்டு கிடையாது. பகவதி ஸ்க்ரூக்களைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தந்தாள். பூட்டுக் கைப்பிடி பெட்டியில் நாலு மிச்சம் இருந்தது. அதைக் கீழ் ஜன்னல்களில் மாட்டிவிட்டேன். சாவி பகவதி இடுப்பில்.

பதினொரு மணிக்கு ஒரு புது நம்பரிலிருந்து போன் வந்தது. நான் எடுத்தேன்.

"அப்பா."

திருப்புளியைக் கீழே வைத்தேன்.

"அப்பா, எனக்க ஜன்னல்?"

"புதுசு போட்டிருக்கு. பித்தளை. திறந்துதான் கெடக்கு மக்கா."

"ஓணத்துக்குத்தான் வரல. இப்ப ஒருநாளு வரட்டாப்பா?"

மாடி ஜன்னல் வழியே ரோட்டைப் பார்த்தேன். மூன்று நாளாக எதிர்வீட்டு மதிலை ஒட்டி நிற்கிற அண்ணனின் ஜீப் இன்றைக்கும் அங்கேதான் நின்றது. கண்ணாடியை இறக்கி ஒருவன் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வராண்டாம் மக்கா" என்றேன். "இப்ப வராண்டாம்."

போனை வைத்துவிட்டுக் கைப்பிடிக்கு எண்ணெய் போட்டேன். பித்தளை, பத்து வருஷம் நிற்கும்.