கதையில் இல்லாத விசா

வெள்ளிக்கிழமை, ராஸ் அல் கைமா.

மத்தியானம் படித்த பழைய பிரேசில் சிறுகதையை என் மனைவி சுதாவிடம் சொன்னேன். அவள் சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தாள். கதையில் கணவன் சொல்வதெல்லாம் பொய் என்று மனைவிக்குத் தெரியும். தெரிந்தும் கடைசிவரை ஒரு கேள்வியும் கேட்காமலே வாழ்ந்துவிடுகிறாள். மனித மனம் எவ்வளவு ஆழமானது என்று நான் விளக்க ஆரம்பித்தேன்.

“இதுல என்ன ஆழம்? அவ விசா அவன் பேர்லதானே இருக்கு,” என்றாள் சுதா, மாவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. “ஆறிடும், சாப்பிடுங்க” என்று தட்டை நகர்த்தினாள்.

அது நூறு வருஷத்துக்கு முந்தைய கதை. அதில் விசாவே கிடையாது. சுதாவின் விசாதான் என் பேரில் இருக்கிறது; நான் ரத்து செய்தால் அவள் இந்த நாட்டில் இருக்க முடியாது.

இதை எழுதும்போது பக்கத்தில் படுத்திருக்கிறாள். தூங்கிவிட்டாளா, தெரியவில்லை. துபாயில் டியூட்டி என்று நான் தங்கிவிட்டு வரும் நாட்களைப் பற்றி அவள் இதுவரை ஒன்றுமே கேட்டதில்லை.