சட்டைப் பைக்கு வந்த இரண்டு மாப்பிள்ளைகள்

மார்ச் 4

கடையில் மானம் போயிற்று. கையடக்க டைரிக் கருவி ஒன்றையும் அதோடு வரும் பிளாஸ்டிக் குச்சியையும் நீட்டி, "எழுதிப் பாருக்கா" என்றான் தம்பி. அந்தக் கடையில்தான் அவனுக்கு வேலை. நான் ஏதோ யோசனையில் அந்தக் குச்சியால் காது குடைந்துவிட்டேன். பக்கத்தில் நின்ற ஆள் தன் கையிலிருந்த குச்சியை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு நகர்ந்தார்.

போனது வீட்டுக்காரருக்காக. லிஃப்ட் மெக்கானிக். போன வாரம் எந்தக் கட்டடத்துக்குப் போக வேண்டும் என்று மறந்துபோய், பஸ் நிறுத்தத்திலேயே மத்தியானம்வரை உட்கார்ந்திருக்கிறார். மறதி நோயின் ஆரம்பம் என்கிறார் டாக்டர். இன்னொரு தடவை இப்படி ஆனால் வேலைக்கு வர வேண்டாம் என்கிறார் சூப்பர்வைசர். பேப்பரில் எழுதிக் கொடுத்தால் பேப்பர் எங்கே என்பதை மறக்கிறார். இந்தக் கருவி நேரத்துக்குச் சத்தம் போட்டுக் கூப்பிடுமாம்.

இரண்டு கருவி கொடுத்தனுப்பினான், பழகிப் பார்த்து ஒன்றை வைத்துக்கொள்ளச் சொல்லி. உள்ளே ஓடுகிற ஆபரேட்டிங் சிஸ்டம் வேறு வேறாம். நான் முழித்ததும், "ஒரே மாதிரி ரெண்டு வீடு. உள்ள குடும்பம் நடத்துற ஆளு வேற. அவ்ளோதான்க்கா" என்றான். இதை முதலிலேயே சொல்ல வேண்டியதுதானே.

மார்ச் 7

பெண் இல்லாத வீட்டுக்கு இரண்டு மாப்பிள்ளைகள்.

சின்னவன் கறுப்பு வெள்ளை. எந்தப் பொத்தானை அழுத்தினாலும் நேராக அந்த இடத்தில் கொண்டுபோய் விடுகிறான். பேட்டரி போட்டால் வாரக்கணக்கில் வேறெதுவும் கேட்பதில்லை. ஆனால் கர்வம். இங்கிலீஷ் எழுத்து மட்டும்தான் எடுபடும், அதையும் அவன் இஷ்டப்படிதான் போட வேண்டும். 'ஏ' எழுத்துக்கு நடுக்கோடு கூடாதாம். வெறும் கூரை.

பெரியவன் கலர். பணக்கார வீட்டுப் பிள்ளை, தினமும் சார்ஜ் தொட்டிலில் படுக்க வைக்க வேண்டும். திரையில் ஒரு பக்கத்தை மூடினால் அது போகாமல் பின்னால் ஒளிந்துகொள்கிறது. ஆனால் நாம் எழுதுவதை நம் கையெழுத்திலேயே அப்படியே வைத்துக்கொள்கிறான்.

வீட்டுக்காரர் கலர்க்காரனிடம் முதலில் எழுதியது: 'இவ பேச்சைக் கேக்காதே.'

கலர்க்காரனே இருக்கட்டும்.

மார்ச் 28

ஒரு நாள்கூடத் தவறவில்லை. கட்டடத்துக்கு எப்படிப் போவது, எந்த லிஃப்டில் கதவு இடிக்கும், எந்தக் காவலாளிக்குக் காது கேட்காது — எல்லாம் அவர் கையெழுத்தில். சாய்ந்து சாய்ந்து, காற்றடித்த மாதிரி. சூப்பர்வைசர் தோளில் தட்டினாராம். அதையும் எழுதி வைத்திருக்கிறார்.

ஏப்ரல் 20

ஒரு வாரம் அவருடைய அக்கா வீட்டில் இருந்துவிட்டு வந்தோம். வழியில் தொலைத்துவிடுவார் என்று கருவியைத் தொட்டிலிலேயே விட்டுப் போயிருந்தேன்.

செத்துக் கிடந்தது. சார்ஜ் போட்டதும் எழுந்தது. ஆனால் கடையில் முதல் நாள் கேட்ட மாதிரியே, திரையின் மூலையைத் தொடு என்கிறது. உள்ளே ஒன்றுமில்லை.

நான்தான். நான் வேலை பார்த்த சலவைக் கடையில் என் இஸ்திரிப் பெட்டி தீப்பிடித்த நாளிலிருந்து, வீட்டை விட்டுக் கிளம்பினால் எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டுத்தான் பூட்டுவேன். தொட்டில் சுவிட்சையும் சேர்த்து அணைத்திருக்கிறேன். சார்ஜ் சுத்தமாக இறங்கினால் எல்லாம் போய்விடும் என்று தம்பி சொல்லியிருந்தான். சொல்லத்தான் செய்தான்.

அவர் தரையில் உட்கார்ந்து, "நான்தான் எதையோ அமுக்கிட்டேன் போல" என்றார்.

"இல்லீங்க. நான்தான் சுவிட்சை அணைச்சேன். மறந்துட்டேன்."

என்னைப் பார்த்துச் சிரித்தார். "அப்ப உனக்கும் ஆரம்பிச்சிடுச்சா?"

நானும் சிரித்தேன். அப்புறம் பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

ஏப்ரல் 22

வழியெல்லாம் மறுபடி கருவியில் எழுத அவருக்கு நினைவில்லை. எனக்குத் தெரிந்ததைப் பேப்பரில் எழுதிச் சட்டைப் பையில் வைத்தேன். பஸ் டிக்கெட்டோடு சேர்த்து எறிந்திருக்கிறார். என்றோ வேலை பார்த்த பழைய கட்டடத்துக்குப் போய் நின்றாராம். போக வேண்டிய இடத்தில் லிஃப்ட் நடுவில் நின்று, உள்ளே ஆட்கள்.

சூப்பர்வைசரே வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை. இவர் இடுப்பில் தொங்கும் லிஃப்ட் சாவிக்கொத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். கொடுத்த பிறகும் இவர் இடுப்பைத் தடவிக்கொண்டே இருந்தார்.

மே 3

கலர்க்காரனைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. சுவிட்சை அணைத்தாலும் சாகாத சின்ன மாப்பிள்ளைதான் இனி.

ஒவ்வொரு தடவையும் நடுக்கோடு போடுகிறார், அவன் ஏற்க மாட்டேன் என்கிறான். "கோடு இல்லாம அது எப்படி 'ஏ' ஆகும்?" நியாயமான கேள்வி. குச்சியை என் கையில் கொடுத்துவிட்டார்.

நான் பழகிவிட்டேன், பாதிப் பள்ளிக்கூடத்தோடு நின்றவள். நம் பேச்சை இங்கிலீஷ் எழுத்தில் கோடு கோடாகப் போடுகிறேன். பல் தேய். செருப்பு கதவுக்குப் பின்னால். அவர் கையெழுத்து இனி எதிலும் இல்லை. அந்தச் சாய்வை நானாவது பேப்பரில் போட்டுப் பார்க்கலாம் என்றால் வரவில்லை.

மே 19

இன்று என்னைப் பார்த்து "நீங்க யாரு?" என்றார்.

மே 20

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. இன்று முடிகிறது. தினமும் காலைச் சாப்பாட்டு நேரத்தில் அவர் எதிரில்தான் நிற்பேன். அந்த நேரத்துக்கு அலாரம் வைத்து எழுதினேன்: 'எதிரில் நிற்பவள் உன் மனைவி. கிண்டல் செய்வாள். பொறுத்துக்கொள்.'

அடித்தது. படித்தார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சரி, உக்காரு" என்றார்.

போதும்.

ஜூன் 6

அலாரம் சரியாக அடித்தது. நான் கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். எதிரில் மின்சார மீட்டர் பார்க்க வந்த பெண் நின்றிருந்தாள். அவர் படித்துவிட்டு எழுந்து, நாற்காலியைத் துடைத்து அவளை உட்கார வைத்து, தன் பிஸ்கட் முழுவதையும் கொடுத்திருக்கிறார். "இவ கிண்டல் பண்ணுவா, பரவாயில்ல" என்று, உள்ளே வந்த என்னிடம் அவளை அறிமுகப்படுத்தினார். அந்தப் பெண் இரண்டு பிஸ்கட் சாப்பிட்டாள். மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொண்டு போனாள்.

பிஸ்கட் வாங்க வேண்டும்.