ரப்பர் குழாயும் தேங்காய் ரொட்டியும்

அக்கா,

நேற்று என் இடுப்பு வலிக்கென்று மருமகள் ஒரு வெந்நீர்ப் பை வாங்கி வந்தாள். உறையைப் பிரித்ததும் போர்ட் பிளேர் ஷாதிபூர் வீட்டுக் கூடம் முழுக்கப் புது ரப்பர் வாடை. அவள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். நானோ பையை மடியில் வைத்துக்கொண்டு தனியாகச் சிரித்தேன். தலையைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து, வாயிலிருந்து ஒரு முழம் ரப்பர் குழாய் தொங்க, கண்ணாலேயே என்னைக் கேலி செய்துகொண்டு நீ உட்கார்ந்திருப்பாயே, அந்த முகம் நேரே வந்து நின்றுவிட்டது.

சிலோனிலிருந்து ஒரே கப்பலில் வந்தோம். நிக்கோபாரின் கட்சால் தீவில், ரப்பர் தோட்டத்து லய வரிசையில் அடுத்தடுத்த காம்பரா அறைகள் நமக்கு. நீ காட்டில் பால் வெட்டினாய். நான் கொட்டகையில் அந்தப் பாலுக்கு ஆசிட் கலந்து உறைய வைத்தேன். வெயில் ஏறியதும் நீ வாளியோடு வருவாய், வந்ததும் பாலில்லாத தேயிலைச் சாயத்தண்ணி இருக்கும் என் போத்தலைத்தான் தேடுவாய். லயத்தில் யாரும் போத்தலில் வாய் வைப்பதில்லை, எச்சில் பட்டால் அடுத்தவர் எப்படிக் குடிப்பது? எல்லோரும் அண்ணாந்துதான். அதிலும் உன் வித்தை தனி. தலையைச் சாய்த்து, நாக்கில் படாமல், நேரே தொண்டைக்குள் அரைப் போத்தலை ஒரே தாரையாக இறக்குவாய். வங்காளிப் பெண்கள்கூட வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள்.

அன்றைக்கு ஆசிட் ஜாடியின் வாய் உடைந்துவிட்டது. மிச்சத்தை வீணாக்க மனமில்லாமல், காலியாகக் கைக்குக் கிடைத்த என் பழுப்புச் சாயத்தண்ணிப் போத்தலில் ஊற்றி வைத்தேன். ஐந்து நிமிஷத்தில் வேறு ஜாடி கொண்டு வந்துவிடலாம் என்று நினைத்தேன். கொட்டகையே அந்த நெடிதான் என்பதால் உனக்கு மூக்கும் உதவவில்லை, நாக்கில் படாததால் ருசியும் தெரியவில்லை. நான் திரும்பி வருவதற்குள் நீ அண்ணாந்துவிட்டாய்.

உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வையுங்கள் என்று எல்லோரும் கத்தினார்கள். நல்ல வேளையாக டிஸ்பென்சரி கம்பவுண்டர் ஓடி வந்து தடுத்தார். இறங்கும்போது சுட்டது ஏறும்போதும் சுடும் என்றார். தோட்டத்து ஆபீசர் வந்து, குடிக்கிற போத்தலில் ஆசிட் ஊற்றியது யார் என்று கேட்டார். எனக்கு வாயைத் திறக்கத் தைரியமில்லை. அப்போதுதான் புருஷனை இழந்திருந்தேன், கையில் இரண்டு பிள்ளைகள். நீ பேச முடியாமல் படுத்திருந்தபடி, கையைத் தூக்கி உன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாய். ஆபீசர் எழுதிக்கொண்டு போய்விட்டார். நான் தலை குனிந்து நின்றேன். அந்த வெட்கம் எனக்கு இன்றைக்கும் இருக்கிறது.

இரண்டு வாரத்தில் புண் ஆறியது, கஞ்சி இறங்கியது, நீயும் சிரித்தாய். தப்பித்தோம் என்று நினைத்தேன். அதற்குப் பிறகுதான் வினை ஆரம்பித்தது. முதலில் சோறு நெஞ்சில் நின்றது. பிறகு கஞ்சி நின்றது. கடைசியில் உன் எச்சிலையே விழுங்க முடியாமல் கையில் ஒரு டப்பாவோடு உட்கார்ந்திருந்தாய். உன் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு வந்தது. பிள்ளைகளை அடுத்த வீட்டில் விட்டுவிட்டு உன்னை போர்ட் பிளேர் கப்பலில் ஏற்றினேன்.

அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் வங்காளி டாக்டர் விஷயத்தை விளக்கினார். வெந்துபோன உணவுக்குழல் ஆறும்போது சுருங்கிக்கொண்டே வந்திருக்கிறது. ஒரே நாளில் விரித்தால் கிழிந்துவிடும், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வழி பண்ண வேண்டும். அதுவரை உயிர் நிற்க, வயிற்றில் ஒரு துளை போட்டுப் புனல் வழியாகக் கஞ்சி ஊற்றினார்கள். அதில் ஒரு சிட்டிகை சம்பல் கலக்கச் சொல்லி நீ சைகை காட்டினாயே, வயிற்றுக்காவது காரம் தெரியட்டும் என்று! நர்ஸ் சிரித்த சிரிப்பில் வார்டே திரும்பிப் பார்த்தது.

பிறகு குழாய் வந்தது. முதலில் பென்சிலைவிட மெல்லியது. நுனியில் நெய் தடவி, உட்கார்ந்தபடி நீயாகவே விழுங்க வேண்டும். நீ அதைத் தொட்டுப் பார்த்து, முகர்ந்து பார்த்து, கரகரத்த குரலில் என்னிடம் சொன்னாய்:

"ஏ புள்ள, இத்தன நாளு ரப்பரு மரத்த நான் வெட்டுனேன். இப்ப அது என் தொண்டய வெட்ட வருது."

டாக்டருக்குத் தமிழ் தெரியாது. அவர் "தீரே தீரே" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார், மெதுவாக மெதுவாக என்று. நீ இருமினாய், கண்ணீர் விட்டாய், மூன்று முறை வெளியே இழுத்துப் போட்டாய். நாலாவது முறை இறங்கியது. நான்தான் அழுதேன்.

மெல்லியதிலிருந்து தடிமனுக்கு ஏறி, அரையாண்டு கழித்து வயிற்றுத் துளையை மூடினார்கள். குழாயைக் கையில் கொடுத்து, வாரம் ஒருமுறை விழுங்காவிட்டால் வழி மறுபடி அடைத்துக்கொள்ளும் என்று சொல்லி அனுப்பினார்கள். அதனால் கட்சாலில் ஞாயிற்றுக்கிழமை காலை நமக்குக் குழாய் நேரம். நான் வெந்நீரில் கழுவி நெய் தடவிக் கொடுப்பேன். நீ விழுங்குவாய், நான் நூறு எண்ணுவேன். வேண்டுமென்றே எழுபதில் தப்புவிட்டு மறுபடி ஆரம்பித்தால், குழாயோடேயே என் தொடையில் கிள்ளுவாய். அண்ணாந்து குடிப்பதை டாக்டர் அடியோடு நிறுத்தியிருந்தார். டம்ளரில் வாய் வைத்துச் சின்ன மடக்காகக் குடிக்கும்போது உனக்கு ஒரே கூச்சம். நீ கூச்சப்படாமலிருக்க நானும் வாய் வைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குழாயை எடுத்த கையோடு, தேங்காய் ரொட்டி சுடச் சொன்னாய். நகத்தளவு பிய்த்து, சம்பலில் தொட்டு, மென்றாய், மென்றாய், மென்றுகொண்டே இருந்தாய். நான் உன் கழுத்தையே பார்த்தேன். இறங்கியது. ஒரு முழு ரொட்டிக்கு முக்கால் மணி நேரம் ஆனது. காரத்தில் மூக்கு ஒழுக, "உப்பு பத்தல" என்றாய்.

அப்போதுதான் எனக்கு வாய் திறந்தது. போத்தல் என்னுடையதென்று தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா ஒன்னய வேலய விட்டு நிப்பாட்டி, மெயின்லேண்டுக்கு அனுப்பியிருப்பாங்க. அப்புறம் எனக்குக் கொழாய் கழுவ ஆளு?" என்றாய்.

எவ்வளவு பெரிய பொய், அக்கா. நீ கையைத் தூக்கிய அன்றைக்குக் குழாய் என்று ஒன்று உலகத்தில் இருப்பதே உனக்குத் தெரியாது. தெரிந்தேதான் நானும் தலையாட்டி, அடுத்த ரொட்டியைத் தட்டில் போட்டேன்.

அதற்குப் பிறகு நீ முப்பது வருஷத்துக்கு மேல் சாப்பிட்டாய், என்னைவிட நன்றாகவே சாப்பிட்டாய். போன வருஷம் தூக்கத்தில் போனபோதும் தலைமாட்டில் பாதி பிஸ்கட் இருந்ததாம். கேட்டு அழுதேன், சிரித்தேன்.

நான் இன்றைக்கும் டம்ளரில் வாய் வைத்துத்தான் குடிக்கிறேன். எச்சில் என்று மருமகள் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். நேற்று வெந்நீர்ப் பையை இடுப்பில் வைத்துக்கொண்டு ரொட்டி சுட்டேன், உப்பைக் கொஞ்சம் கூட்டியே போட்டேன். ரொட்டி சுலபமாக இறங்கிவிட்டது. நீ சொன்ன அந்தப் பொய்தான் இத்தனை வருஷமாகியும் எனக்குத் தொண்டையிலேயே நிற்கிறது. நிற்கட்டும் அக்கா. தீரே தீரே.