வாட்ச்சர் கொழுந்து எடுக்கிறார்

04.06.2025, புதன்

இன்று கம்பியூட்டர் பாடத்தில் கிறிஸ்டியன் சேர் பொலிமோர்பிசம் படிப்பித்தார். படிப்பித்தார் என்று எழுதுவதே பொய். போன வருடத்து அண்ணன்மாருக்கு வாசித்த நோட்ஸை எங்களுக்கும் வாசித்தார். "விலங்கு ஒரு கிளாஸ். அதுல இருந்து நாய், பூனை. ரெண்டுக்கும் ஒரே கட்டளை, 'கத்து'. நாய் குரைக்கும். பூனை மியாவ். எழுதுங்க."

வகுப்பே குனிந்து மியாவ் என்று எழுதியது. தனுஜா அதற்குக் கீழே சிவப்புப் பேனையால் கோடு வேறு போட்டாள்.

இதனால் என்ன பயன் என்று கேட்டேன். "பரீட்சைக்கு இவ்வளவுதான் வரும், நிலக்ஷி. ஒக்காரு." அவருக்கே தெரியாது. தெரியாது என்று சொல்வதற்கும் கொஞ்சம் படிப்பு வேண்டும் போலிருக்கிறது.

மாகாண மென்பொருள் போட்டிக்குப் பள்ளியிலிருந்து ஒருவர்தான். இருபதாம் திகதி தெரிவு. அதற்குத் தோட்டத்தில் யார் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று காட்டும் ஒரு புரோகிராம் எழுத வேண்டும். அந்த ஒருவர் நானாக இருக்க வேண்டும். இங்கே கம்பியூட்டரை உண்மையாகவே விரும்புகிறவள் நான் மட்டும்தான்.

06.06, வெள்ளி

ஜெரோமி தெரிவுக்கான புரோகிராமை முடித்துவிட்டானாம். முடித்தது அவன் இல்லை, அவனுடைய போன். "கேட்டா குடுக்குது. எதுக்கு மண்டைய ஒடைக்கணும்?" என்றான். தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் ஐயாவின் மகன். சொந்த லெப்டொப், சொந்தத் திமிர்.

தேயிலை ஸ்டோரைச் சுற்றிக் கேமரா பூட்டுகிறார்களாம். அதையும் ஏதோ தானே கண்டுபிடித்ததுபோலச் சொன்னான். அந்த ஸ்டோருக்கு இரவுக் காவல் என் அப்பா. "அப்ப வாட்ச்சர் என்னத்துக்கு?" என்று கேட்டேன். "கேமராவ யாரும் களவெடுக்காம பாத்துக்க!" எல்லாரும் சிரித்தார்கள். இதற்கெல்லாம் சிரிக்கிற கூட்டம்.

07.06, சனி

புரிந்துவிட்டது!

காலையில் ஆட்கள் வேலைக்குக் கூடி நிற்கிற பெரட்டுக் களத்தைத் தாண்டித்தான் கடைக்குப் போனேன். கணக்கப்பிள்ளை, "சரி சரி, வேலைக்குப் போங்க" என்றார். அவ்வளவுதான். அம்மா இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு கொழுந்து மலைக்குப் போனாள். ஆண்கள் செடி கழிக்கிற கவ்வாத்துக் கத்தியோடு மேல் மலைக்கு. ஸ்டோர்காரர்கள் ஸ்டோருக்கு. நீ இதைச் செய், நீ அதைச் செய் என்று ஒவ்வொருவரிடமும் அவர் சொல்லவில்லை. சொல் ஒன்று, அவரவர் வேலை அவரவரிடமே இருக்கிறது.

இதுதானே! 'தொழிலாளி' என்று ஒரு தாய்க் கிளாஸ். பேர், குடியிருக்கிற லய வீட்டு இலக்கம் எல்லாருக்கும் பொது, அதிலிருந்து பிள்ளைக் கிளாஸ்களுக்குத் தானாக வந்துவிடும். 'வேலை செய்' என்ற கட்டளைக்கு மட்டும் ஒவ்வொரு பிள்ளையும் தன் பதிலைத் தானே எழுதிக்கொள்ள வேண்டும். நாளைக்குப் புதிதாக ஒரு வகை ஆள் வந்தாலும் கட்டளையில் கை வைக்க வேண்டாம்.

இதைச் சொல்ல நாயும் பூனையும் எதற்கு? சேர் பெரட்டையே பார்த்ததில்லையா? அவரும் லயத்தில் பிறந்தவர்தான். டவுனுக்குக் குடிபோனதும் மறந்துவிட்டது.

10.06, போயா

பௌர்ணமி லீவு. நாளெல்லாம் மழை. கொப்பித் தாளிலேயே முழுப் புரோகிராமையும் எழுதி முடித்தேன். வாட்ச்சருக்கு அப்பாவின் பேர்.

12.06, வியாழன்

செத்துப் போகலாம் போல இருக்கு.

இன்று கம்பியூட்டர் லெப்பில், பெரிய திரையில், எல்லாருக்கும் முன்னால் ஓட்டிக் காட்டினேன். யார் என்ன செய்கிறார் என்று ஒவ்வொரு வரியாக வந்தது. கடைசியில் வந்தது இது:

முத்துலிங்கம் கொழுந்து எடுக்கிறார்.

என்ன நடந்தது என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. தாய்க் கிளாஸில் 'வேலை செய்' என்பதற்குச் சும்மா 'கொழுந்து எடு' என்று போட்டிருந்தேன் — தோட்டத்தில் பாதிப் பேர் அதைத்தானே செய்கிறார்கள் என்று. வாட்ச்சர் கிளாஸில் டோர்ச் லைட் வரை எழுதியவள், வேலையை எழுத மறந்திருக்கிறேன். பிள்ளையிடம் சொந்தப் பதில் இல்லை என்றால் தாயின் பதில்தான் ஓடும். அது ஒழுங்காகத்தான் ஓடியிருக்கிறது. பிழை என்னுடையது.

ஆனால் அந்தச் சிரிப்பு!

"என்ன நிலக்ஷி, ஒங்கப்பாவையும் படங்கு கட்டி மலைக்கு அனுப்பிட்டியா?" இதைக் கேட்டது ஆசிரியர். ஜெரோமி மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். "பொம்பள வேலடி அது!"

என்னடா பொம்பள வேல? அங்க இருந்தவங்கள்ல பாதிப் பேரோட அம்மா அந்நேரம் மழையில நனைஞ்சு கொழுந்து எடுத்துக்கிட்டுத்தான் இருந்திச்சு. அந்தச் சோத்தத் தின்னுட்டுத்தான் சிரிக்கிறாங்க. தனுஜாவும் சிரிச்சா. வெக்கமே இல்ல ஒருத்தருக்கும்.

13.06, வெள்ளி

கதை லயம் வரை வந்துவிட்டது. குளிக்கிற பீலியடியில் யாரோ அப்பாவை, "என்னண்ணே, இன்னைக்கு எத்தன கிலோ கொழுந்து?" என்று கேட்டார்களாம். அப்பா குளித்துவிட்டு வந்து படுத்துவிட்டார். என்னை ஒன்றும் கேட்கவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

17.06, செவ்வாய்

வாட்ச்சரின் வேலையை எழுதிவிட்டேன். அது போதாது, தாய்க் கிளாஸில் இருந்த 'கொழுந்து எடு'வையும் எடுத்துக் 'கொழுந்தாள்' கிளாஸில் போட்டுவிட்டேன். தாயிடம் இப்போது எந்த வேலையும் இல்லை. எந்தப் பிள்ளையாவது தன் வேலையைச் சொல்லாமல் வந்தால் புரோகிராம் பிழை காட்டி நின்றுவிடும். பேசாமல் தவறாக ஓடுவதைவிட நிற்பது மேல். நான்கு வகை ஆட்களையும் ஓட்டிப் பார்த்தேன்.

முத்துலிங்கம் காவல் காக்கிறார்.

20.06, வெள்ளி

நான்தான்! நான்தான் போகிறேன்!

தெரிவு செய்ய இசபெல் மிஸ் கொட்டகலையிலிருந்து வந்திருந்தார். முதலில் ஜெரோமி. வண்ண வண்ண எழுத்து, கொடி, பாட்டு. உள்ளே இருந்தது ஒரே ஒரு நீளமான சங்கிலி: இவன் கொழுந்தாள் என்றால் இது, இல்லை ஸ்டோர்காரன் என்றால் அது, இல்லை, இல்லை, இல்லை... வேலைக்கு ஒரு சங்கிலி, சம்பளத்துக்கு ஒன்று, லீவுக்கு ஒன்று.

மிஸ் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "நல்லது தம்பி. இப்ப ஒரு லொறி டிரைவரச் சேருங்க" என்றார்.

ஒரு சங்கிலியில் சேர்த்தான். மற்றதை மறந்தான். டிரைவருக்கு வேலை வந்தது, சம்பளம் வரவில்லை. "இந்தப் பாவம் சும்மா லொறி ஓட்டணுமா?" என்று மிஸ் கேட்டார். இந்தத் தடவை நான் சிரித்தேன். நன்றாகவே சிரித்தேன்.

பிறகு நான். டிரைவருக்கு ஒரு சின்னக் கிளாஸ், அதற்குள் அவன் வேலை, சம்பளம், லீவு. வேறெதையும் தொடவில்லை. ஓடியது.

"ஏன் இப்பிடி எழுதினீங்க?"

"யாருக்காவது வேலை மாறினா மாத்த வேண்டியது ஒரே எடந்தான், மிஸ்."

கிறிஸ்டியன் சேர் தானே சொல்லித்தந்ததுபோல் தலையாட்டினார். ஆட்டட்டும்.

21.06, சனி

அப்பாவிடம் சொன்னேன். "அப்ப என்னய மலையில இருந்து எறக்கிட்டியா, புள்ள?" என்றார். தெரிந்துதான் இருந்திருக்கிறது. சிரித்தார்.

30.06, திங்கள்

கேமரா வேலை செய்யத் தொடங்கிவிட்டது. இனி இரவுக் காவல் தேவையில்லை என்று தோட்டத்துத் தொரை சொல்லிவிட்டாராம். வாட்ச்சர்மார் நாளையிலிருந்து பகல் வேலைக்குப் பேர் கொடுக்க வேண்டுமாம். கொழுந்துக்கு ஆள் போதாதாம். அறிவித்தலை வாசித்தது ஜெரோமியின் அப்பா. வாசிக்கத்தான் தெரியும் அவருக்கும்.

01.07, செவ்வாய்

காலையில் அம்மா அப்பாவுக்குப் படங்கு கட்டிவிட்டாள். "மூச்ச இழுக்காதீங்க, அப்புறம் அவுந்திரும்." அப்பா என்னைப் பார்த்தார். "ஒன் கம்பியூட்டரு முந்தியே சொல்லிருச்சு பாரு."

பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை வழக்கம்போல, வேலைக்குப் போங்க என்றார். பெண்களின் வரிசைக்குப் பின்னால் அப்பா நடந்துபோனார். பீலியடியில் கேட்டவர்கள் யாரும் இன்று கிலோக் கணக்குக் கேட்கவில்லை. அடுத்தது யார் என்று அவர்களுக்கே தெரியாது.

லெப்பில் போட்டிப் புரோகிராமைத் திறந்தேன். அப்பாவின் பேருக்கு எதிரே 'வாட்ச்சர்' என்று இருந்ததை அழித்து, 'கொழுந்தாள்' என்று போட்டேன். ஒரே இடம். வேறெதையும் தொட வேண்டியிருக்கவில்லை.

ஓட்டினேன். ஜெரோமி பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

முத்துலிங்கம் கொழுந்து எடுக்கிறார்.

அன்றைக்கு வந்த அதே வரி. இந்த முறை பிழையில்லை.